விலை இறங்க இறங்க ஏறிய எண்

ஒரு பொருளின் விலை குறைந்தால் அது மலிவாகிறது. இதில் யாருக்காவது சந்தேகம் உண்டா? தக்காளி அப்படித்தான், மக்காச்சோளம் அப்படித்தான். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். ஒரு நாள் மத்தியானம் ஆசிரியைகள் அறையில் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தேன். நான் வாங்கியிருந்த கம்பெனிப் பங்கு எண்பது ரூபாயிலிருந்து அறுபதுக்கு வந்திருந்தது. சரி, இறங்கிவிட்டது, போகட்டும். விலைக்குக் கீழே பி.இ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். வாங்கிய அன்று அது எட்டு. எட்டு என்றால் மலிவு என்று படித்துத்தான் வாங்கினேன். இப்போது அங்கே முப்பது என்று இருந்தது. முப்பது என்றால் விலை கூடின பங்கு. விலை இறங்கியிருக்கிறதாம், ஆனால் விலை கூடிப்போய்விட்டதாம். இது என்ன கூத்து?

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. செல்போன் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பாவம், அவர்களுக்கும் அந்த எண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

போட்ட பணம் என்னுடையதாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அது என் மதினியின் பணம். மதினி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், ஐந்து குறுக்கம் கரிசலைத் தனியாளாக நின்று பயிரிடுகிறாள். எங்கள் பக்கம் ஏக்கரைக் குறுக்கம் என்போம். மழையை நம்பி உளுந்து, மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி.

அந்த ஐந்து குறுக்கத்துக்கு ஒரு குறை உண்டு. தார் ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் இன்னொருவர் நிலம் கிடக்கிறது. மேலப்புஞ்சை என்று பேர், மூன்று குறுக்கம். அதன் சொந்தக்காரர் எங்களுக்குப் பங்காளி முறை, சென்னையில் வேலை. நிலம் தரிசாகக் கிடந்ததால் மதினியின் டிராக்டரும் களையெடுக்க வரும் பெண்களும் அதன் மேலேயே போய் வந்தார்கள். பத்திரத்தில் பாதை என்று ஒன்றும் கிடையாது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் கிடையாது, சோலார் கம்பெனிக்காரர்கள் வந்து சுற்றிலும் நிலம் வாங்கி இரும்பு வேலி அடிக்கத் தொடங்கும் வரை.

"மேலப்புஞ்சைய அவன் வாங்கி வேலி போட்டான்னா அப்புறம் நான் ஹெலிகாப்டர்லதான் போயி வெதைக்கணும்" என்பாள் மதினி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

சென்னை அண்ணாச்சியிடம் கேட்டாள். விற்றால் உனக்குத்தான் முதலில் தருவேன், ஆனால் நான் வேலையிலிருந்து ஓய்வு பெறட்டும், இன்னும் நாலு வருடம் போகட்டும் என்றார். அவளிடம் பணம் இருந்தது. கிழக்கே ஓடையோரம் கிடந்த முள்ளுக்காடு இரண்டு குறுக்கத்தை அதே சோலார் கம்பெனிக்கு நல்ல விலைக்கு விற்றிருந்தாள். அந்தப் பணம் அன்றைய விலைக்கு மேலப்புஞ்சையை வாங்கச் சரியாக இருக்கும். நாலு வருடம் கழித்து நில விலை எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? பேங்கில் போட்டால் பணம் நடக்கும், நிலம் ஓடும்.

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். பங்குச் சந்தையைப் பற்றி நாலு வீடியோ பார்த்திருந்தேன், ஒரு புத்தகம் பாதி படித்திருந்தேன். "இதெல்லாம் வகுத்தல் கணக்குதான் மதினி, எங்கிட்ட விடுங்க" என்றேன். என்ன திமிர்! அவள் யோசித்துவிட்டுப் பாதிப் பணத்தைப் பேங்கில் போட்டாள். மீதிப் பாதியை என்னிடம் தந்தாள்.

பி.இ. என்பது நிஜமாகவே வகுத்தல் கணக்குதான். ஒரு பங்கின் விலையை, அந்த ஒரு பங்குக்கு ஒரு வருடத்தில் வந்த லாபத்தால் வகுக்க வேண்டும். லாபம் இப்படியே வந்துகொண்டிருந்தால், நாம் கொடுத்த விலையைக் கம்பெனி எத்தனை வருடத்தில் சம்பாதிக்கும் என்று அது சொல்லும். நான் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனிகளாகத் தேடினேன், விவசாயி வீட்டுப் பணம் விவசாயத்துக்கு உதவுகிற இடத்தில் இருக்கட்டும் என்று. நாலைந்து கம்பெனிகள் இருந்தன. மற்றவை எல்லாம் இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று நின்றன. ஒன்று மட்டும் எட்டு. பங்கு விலை எண்பது, லாபம் பத்து. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட எதை வாங்குவது என்று சொல்லிவிடும். நானும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் போலவே வாங்கினேன். மதினிக்குப் போன் போட்டு, "எட்டு மதினி, எட்டே எட்டு!" என்று கத்தினேன்.

ஒரு வருடம் கழித்து அது முப்பதாகி நிற்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்து ஒரு வரைபடத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோபம் போய் ஒரு குறுகுறுப்பு வந்திருந்தது. கணக்குப் போடுகிறவளுக்கு விடை தப்பாக வந்தால் தூக்கம் வராது. மேலே இருக்கிற எண் எண்பதிலிருந்து அறுபதாகக் குறைந்திருக்கிறது, விடையோ எட்டிலிருந்து முப்பதாகக் கூடியிருக்கிறது. அப்படியென்றால் கீழே இருக்கிற எண் அதைவிட வேகமாகக் குறைந்திருக்க வேண்டும். தேடினேன். லாபம் பத்திலிருந்து இரண்டாகியிருந்தது. அறுபதை இரண்டால் வகுத்தால் முப்பது. அவ்வளவுதான் விஷயம்! பின்னத்தில் மேலேயும் பார், கீழேயும் பார் என்று பிள்ளைகள் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுக்கிற நான், ஒரு வருடமாக மேலே இருந்த விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு இன்னொன்று அரிக்க ஆரம்பித்தது. இரண்டாக இருக்கிற லாபம் போன வருடம் எப்படிப் பத்தாக இருந்தது? கம்பெனியின் பழைய ஆண்டறிக்கைகளை இறக்கிப் படித்தேன். நான் வாங்கிய வருடத்திலிருந்து பின்னோக்கி எழுதினால் பத்து, மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. ஏதோ ஒரு பெரிய அரசாங்க ஆர்டர் அந்த ஒரு வருடம் மட்டும் வந்திருக்கிறது, அதில் வந்த பத்து அது. ஐந்து வருடத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தேன், நாலு வந்தது. எண்பதை நாலால் வகுத்தால் இருபது. எட்டு என்று நினைத்துக் குதித்துக்கொண்டு நான் வாங்கியது உண்மையில் இருபது. இதைக் கண்டுபிடித்தபோது வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன, அது எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மதினி இடுப்பில் மடி கட்டிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் பருத்தி எடுப்பதை நிறுத்தவில்லை. கடைசியில் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"ஏட்டி, நல்லா வெளைஞ்ச வருசத்துல எவளாவது புஞ்சை வாங்குவாளா?"

எனக்குத் தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. எங்கள் பக்கம் நிலத்தின் விலையை வருடத்தால் பேசுவார்கள். ஒரு புஞ்சை கைமாறினால், எவ்வளவுக்கு என்று கேட்டதும் அடுத்த கேள்வி, எத்தனை வருசத்து வெள்ளாமைக்கு முடிந்தது என்பதுதான். பதினைந்து வருசத்து வெள்ளாமைக்கு முடிந்தது, இருபது வருசத்துக்கு முடிந்தது என்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. அதுவும் பி.இ.தான் என்று ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை.

"எந்த வருசத்து வெள்ளாமைய வச்சி அத முடிவு பண்ணுதீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வருசத்த வச்சி எவன் பேசுவான்? மழை கொட்டுன வருசத்துல விக்கவன் வாரான்னு வையி. பாருங்க, இந்த வருசம் இவ்வளவு வெளைஞ்சிருக்கு, எட்டு வருசத்துல போட்டதெல்லாம் எடுத்திரலாம்னு சொல்லுவான். அத நம்பி வாங்குனா நீ தொலைஞ்ச. பத்து வருசத்துல எத்தன வருசம் மழை பேஞ்சுது, எத்தன வருசம் பொய்ச்சுது, எத்தன வருசம் படைப்புழு தின்னுது, எல்லாத்தையும் கேட்டு, கூட்டிக் கழிச்சுத்தான் பேசணும்."

"இத எங்கிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ எங்க என்னையப் பேசவிட்ட? எட்டு எட்டுன்னு போன்ல கத்துன. அது வெள்ளாமைக் கணக்குன்னு நான் என்னத்தக் கண்டேன்!"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது. மடியை அவிழ்த்து நிழலில் கொட்டிவிட்டு, அவளே தீர்ப்பும் சொன்னாள். "சரி, இப்ப அவனுக்கு மழை இல்லாத வருசம். வெள்ளாமை இல்லேன்னு யாராவது புஞ்சைய விப்பாவளா? பொறு. அடுத்த மழைக்கு வெளையும்."

அந்த வார்த்தை எனக்கு அமிர்தமாக இருந்தது. விற்க வேண்டாம், தப்பை ஒத்துக்கொள்ள வேண்டாம், பொறுத்தால் போதும். மானாவாரிக்காரிகள் இரண்டு பேருக்கும் பொறுப்பதற்கா சொல்லித் தர வேண்டும்? விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் பிழைப்பே. கம்பெனியும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டோம்.

வரைபடத்தாளைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். விலைக்கு நீலம், லாபத்துக்குப் பச்சை, பி.இ.க்குச் சிவப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கம்பெனி கணக்கு வெளியிடும், கடைசி நாலு தடவையைக் கூட்டி ஒரு புள்ளி வைப்பேன். நீலம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது, பச்சை அதைவிட வேகமாக இறங்கியது, சிவப்பு மட்டும் மேலே மேலே போனது. இரண்டாவது வருட முடிவில் விலை நாற்பத்தைந்து, லாபம் முக்கால் ரூபாய், பி.இ. அறுபது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, சேலை எடுக்கப் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். ஒரு நல்ல மழை பெய்து பச்சை எழும்பினால் சிவப்பு எப்படி மடங்கி விழும் என்று பென்சிலால் புள்ளிக் கோடு கூடப் போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் பார்த்தால் பி.இ. இருந்த இடத்தில் எண்ணே இல்லை. ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. கம்பெனி நஷ்டத்துக்குப் போய்விட்டது. லாபம் இல்லாதபோது எத்தனை வருடத்தில் சம்பாதிப்பான் என்ற கேள்விக்கே இடமில்லை, அதனால் கோடு. சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். தாளில் எங்கே புள்ளி வைப்பது?

மதினியிடம் சொன்னேன். "ரெண்டு வருசம் தொடர்ந்து பொய்ச்சிருக்கு, மூணாம் வருசம் பேயாமலா போயிரும்" என்றாள். நானும் ஆமாம் போட்டேன். கரிசல்காட்டில் அப்படித்தான் நடக்கும். எத்தனை தடவை கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கார்த்திகையில் குளத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மதினியும் நானும் பஸ்ஸில் போனோம். மழை நன்றாகப் பெய்திருந்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உளுந்தும் கம்பும் பச்சைப் பசேலென்று நின்றன. குளத்தூரை நெருங்கும்போது நடுவில் ஒரே ஒரு புஞ்சை மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது. அங்கங்கே தரையோடு தரையாக, தடித்த இலையோடு ஏதோ செடி சிவந்து படர்ந்திருந்தது.

மதினி முழங்கையால் இடித்தாள். "அங்கன பாரு. உமரி."

"அப்படின்னா?"

"உப்பு ஏறுன தரையிலதான் உமரி மொளைக்கும். அது மொளைச்ச புஞ்சைய சும்மா குடுத்தாலும் வாங்கக்கூடாது. மழை இல்லாம காஞ்சு கெடந்தா அடுத்த மழைக்கு எந்திரிச்சிரும். இது எத்தன மழை பேஞ்சாலும் எந்திரிக்காது."

"ரெண்டும் வெறுந்தரையாத்தான இருக்கும். வெயில் காலத்துல எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பீங்க?"

"இது என்ன பெரிய வித்தையா? பக்கத்துப் புஞ்சையப் பாக்கணும். எல்லாம் காஞ்சு கெடந்தா மழை இல்ல. பக்கத்துல எல்லாம் வெளைஞ்சு இது மட்டும் கெடந்தா..."

பாதியில் நிறுத்திவிட்டாள். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏட்டி, அந்தப் பம்பு கம்பெனிக்குப் பக்கத்துப் புஞ்சையெல்லாம் எப்படி இருக்கு?"

மூன்று வருடம். மூன்று வருடமாக ஒரு தாளில் ஒரே கம்பெனியின் மூன்று கோடுகளை வரைந்துகொண்டிருந்த நான், மற்ற பம்பு கம்பெனிகளை ஒரு தடவையாவது பார்த்தேனா? பார்க்கவில்லை. விலை கூடினது என்று ஒதுக்கினேனே, அதோடு சரி. செல்போனை எடுத்தேன். ஆடுகிற பஸ்ஸில் ஒவ்வொன்றாகத் தேடினேன். முதல் கம்பெனி: பி.இ. அன்றைக்கு இருபத்தைந்து, இன்றைக்கும் இருபத்தைந்து. ஒன்றுமே நடக்காதது போல அந்த எண் அசையாமல் நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் லாபம் இரண்டு மடங்கு, விலையும் இரண்டு மடங்கு. மேலேயும் கீழேயும் சேர்ந்து வளர்ந்ததால் விடை மாறவில்லை! இரண்டாவது கம்பெனியும் ஏறக்குறைய அப்படித்தான். அதே மூன்று வருடம், அதே நாடு, அதே விவசாயிகள். பக்கத்துப் புஞ்சைகள் எல்லாம் விளைந்திருந்தன.

கணக்கைக் கண்டுகொண்ட பரவசம் ஒரு நிமிடம் என்னைப் பிடித்துக்கொண்டது, மறைக்காமல் சொல்கிறேன். ஒரு எண் அசையாமல் இருப்பதற்குள்ளே இவ்வளவு இருக்குமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருக்கிறவளின் பாதை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது.

"எல்லாரும் நல்லா இருக்காவ மதினி" என்றேன்.

"அவிய எல்லாம் என்ன பம்பு செய்யுதாவ?"

"கரண்டு மோட்டாரு. சோலார் பம்பு."

"நம்ம ஆளு?"

"ஆயில் எஞ்சின்."

அவள் என்னையே பார்த்தாள். "ஆயில் எஞ்சினா? எங்க ஊர்ல கெணறு இருக்கவன் எவன்ட்டயாவது ஆயில் எஞ்சின் இருக்கா? பத்து வருசமாச்சே அதெல்லாம் பழைய இரும்புக்குப் போயி! இத ஏன் நீ மொதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கல."

"நீ எட்டுன்னுதான சொன்ன! என்ன சாமான் விக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே!"

முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தப்பு என் பேரில் இருக்கும்போது எனக்குக் கோபம் இரண்டு பங்காக வரும். "பொறு பொறுன்னு சொன்னது யாரு? நானா?" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எம் பாதைய வித்துட்டியேட்டி" என்றாள். கல்யாண வீட்டில் வேறு வேறு பந்தியில் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் எல்லாப் பங்கையும் விற்றேன். இருபத்தெட்டு ரூபாய்க்குப் போயிற்று. பணத்தை அவள் கணக்கில் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது. பீரோக் கதவிலிருந்த தாளைக் கிழிக்கவில்லை. கிழித்தால் மறந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொரு தாள் ஒட்டி, பக்கத்துக் கம்பெனிகளை வரைந்தேன். யாருக்காக வரைந்தேன்? அப்புறம் ஆறு ஏழு மாதம் நான் அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. பொங்கலுக்குக்கூடப் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

அடுத்த ஆனியில் அவளே போன் செய்தாள். "சென்னை அண்ணாச்சி வந்திருக்காவ. சோலார்காரன் மேலப்புஞ்சைய கேட்டு வந்துட்டான். நீ வா" என்றாள். எப்படி இருக்கிறாய் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனேன்.

அண்ணாச்சி நல்ல மனிதர்தான். கொடுத்த வாக்குக்காக முதலில் அவளைத்தான் கேட்டார். ஆனால் சோலார்காரன் சொன்ன விலை அந்தத் தரிசில் நாற்பது வருடத்து வெள்ளாமைக்குச் சமம். என்னிடம் தந்த பாதிப் பணம் அப்படியே இருந்திருந்தால், பேங்கில் இருந்ததோடு சேர்த்து அந்த விலைக்கே இரண்டு குறுக்கத்துக்கு மேல் வந்திருக்கும், மீதிக்கு நகையை வைத்துச் சமாளித்திருக்கலாம். இப்போது அவளிடம் இருந்தது ஒன்றரைக் குறுக்கத்துக்குக்கூட எட்டவில்லை. அதை மட்டும் வெட்டிக் கொடுத்தால் மீதியை வாங்கமாட்டேன் என்கிறானாம் சோலார்காரன். அண்ணாச்சிக்கும் மகள் கல்யாணம் இருந்தது.

"அப்ப தெக்கு வரப்ப ஒட்டி எனக்குப் பதினஞ்சடி அகலத்துக்குக் குடுத்துருங்க அண்ணாச்சி. ரோட்டுலருந்து எம் புஞ்சை வரைக்கும்" என்றாள் மதினி. "பத்திரமாப் போட்டுக் குடுங்க. டிராக்டர் போயி வந்தா போதும்."

அண்ணாச்சி யோசித்தார். சோலார்காரனிடம் போனில் பேசினார். பதினைந்து அடி போனால் அவன் விலையைக் குறைப்பானாம், அந்தக் குறையையும் சேர்த்து இவள்தான் தர வேண்டும் என்றார். செண்டுக் கணக்கில் பார்த்தால் மூன்று மடங்கு விலை. என்னால் பொறுக்க முடியவில்லை, வாய் திறந்துவிட்டேன்.

"மதினி, கொஞ்சம் யோசிங்க. இந்தப் பதினஞ்சடில என்ன வெளையும்? ஒண்ணும் வெளையாது. வெள்ளாமையே இல்லாத தரைக்கு மூணு மடங்கா?"

"எம் புஞ்சை வெளையுமா, வெளையாதா?"

"வெளையும்."

"அங்க போக வழி இல்லேன்னா?"

ஒரு பின்னத்தில் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் வெளியே நிற்கிற ஒரு எண் இருக்கலாம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

பத்திரம் பதிந்த அன்று நானும் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனேன். வெளியே வேப்ப மர நிழலில் காத்திருந்தபோது அண்ணாச்சி சாதாரணமாகக் கேட்டார். "ஏன்ம்மா, மூணு குறுக்கத்துக்கும் பணம் இருக்குன்னு அன்னைக்குச் சொன்னியே, என்னாச்சு?"

என் காது சூடேறியது. சொல்லட்டும், சொன்னால் வாங்கிக்கொள்வோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆசைதான் அண்ணாச்சி. நான்தான் ஒரு கம்பெனில போட்டு வைப்பமேன்னு போட்டுட்டேன்" என்றாள் மதினி. "இவ வேண்டாம் மதினின்னுதான் சொன்னா. நான் எங்க கேட்டேன்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "டீச்சர் சொன்னதக் கேட்டிருக்கணும்" என்று தலையாட்டினார். இல்லை அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

புரட்டாசியில் விதைப்புக்குப் போனேன். மேலப்புஞ்சையில் இரும்பு வேலி ஏறியிருந்தது. அதற்குத் தெற்கே, ரோட்டிலிருந்து நேராக, பதினைந்தடி அகலத்தில் கரிசல் மண் டிராக்டர் தடத்தோடு கிடந்தது. எல்லைக் கல் ஊன்றியிருந்தாள். மதினி விதைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் பின்னால். நான் சும்மா இருக்க மாட்டாமல், "இவ்வளவு விலை குடுத்து வாங்கியிருக்கீங்க. ஓரத்துல ரெண்டு வரிசை தொவரையாவது போடலாம்லா? ஏதோ கொஞ்சம் வருமானம் வருமே" என்றேன்.

அவள் நின்றாள். திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் வெளைய வேண்டாம்" என்றாள். "பொங்கலுக்கு நீ வராம இருந்தியே, அந்தமாரி இல்லாம, நீ வந்து போனா போதும்."

விதைப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன்.